நின்றபடி ஓடும் துகள்கள்

2015 டிசம்பர் 15. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில், அந்த ஆண்டு புரோட்டான்களை மோதவிட்டதில் கிடைத்த தரவுகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அட்லஸ், சிஎம்எஸ் என இரண்டு குழுக்கள். இரண்டும் தனித்தனிக் கருவி வைத்திருப்பவை, ஒன்றின் முடிவை மற்றது முன்கூட்டிப் பார்ப்பதில்லை. அன்று இரண்டின் வரைபடத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. புரோட்டானைப் போல 800 மடங்கு நிறையுள்ள ஏதோ ஒன்று பிறந்து, உடனே இரண்டு ஒளித்துகள்களாக உடைந்திருக்கிறது என்பது போன்ற மேடு.

அடுத்த எட்டு மாதங்களில் அந்த மேட்டை விளக்கி 500-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் குவிந்தன. அவற்றில் அடிக்கடி தலைகாட்டிய ஊகம் ஒன்று: இது கிராவிட்டான், அதாவது ஈர்ப்பைச் சுமக்கும் துகள். ஆனால் கிராவிட்டானுக்கு நிறையே கிடையாது என்றுதானே படித்திருக்கிறோம்? உண்மைதான். நம் கண்ணுக்குத் தெரிகிற நீளம், அகலம், உயரம் தவிர இன்னொரு திசையும் இருந்து, அதற்குள்ளும் கிராவிட்டான் ஓடினால், அப்போது அதற்கு நிறை வந்துவிடும். 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் பல மடங்கு கூடுதல் தரவோடு வந்தார்கள். மேடு காணாமல் போயிருந்தது. சோழி உருட்டினால் சில நேரம் விழுகிற தற்செயல்தான் அது.

அந்தப் பரபரப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. எனக்கோ அந்த ஊகத்துக்குப் பின்னால் இருக்கும் நூறு வயது எண்ணம்தான் முக்கியமாகப் படுகிறது. நிறை என்பது துகள் தன் மடியில் கட்டிக்கொண்டு பிறக்கிற சொத்து அல்ல. நமக்குத் தெரியாத ஒரு திசையில் அது ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டம்.

ஹிக்ஸ் சொல்லாமல் விட்டது

நிறைக்குக் காரணம் ஹிக்ஸ் புலம் என்று, ஹிக்ஸ் துகள் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட 2012 ஜூலை 4-ஆம் தேதியே முடிவாகிவிட்டதே, பிறகென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

முதலில் ஒரு பொதுக் குழப்பத்தை ஓரமாக வைத்துவிடுவோம். நம் உடம்பின் நிறையில் பெரும்பகுதிக்கும் ஹிக்ஸுக்கும் நேரடித் தொடர்பில்லை. புரோட்டானுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மிச்சமெல்லாம் அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் விசையின் ஆற்றல். அறுபது கிலோ மனிதரிடம் குவார்க்குகளின் சொந்த நிறை அரை கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

ஹிக்ஸ் புலத்துக்கு வேலை அடிப்படைத் துகள்களிடம். எந்தத் துகள் அந்தப் புலத்தோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறதோ, அவ்வளவு நிறை. டாப் குவார்க்குக்கு அந்தப் பிணைப்பு எண் கிட்டத்தட்ட 1. எலெக்ட்ரானுக்கோ பத்து லட்சத்தில் மூன்று. டாப் குவார்க் எலெக்ட்ரானைப் போல சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் மடங்கு கனம் என்பதற்கு இதுதான் விளக்கம். ஆனால் இதை விளக்கம் என்று சொல்லலாமா? ஆறு குவார்க்குகள், எலெக்ட்ரான், மியூவான், டாவ் என ஒன்பது துகள்களுக்கு ஒன்பது எண்கள். எதையும் கோட்பாடு தருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் அளந்து, கோட்பாட்டுக்குள் கையால் எழுதி வைக்கிறார்கள். நிறை எந்த வழியாக வருகிறது என்பதை ஹிக்ஸ் சொன்னது; ஏன் இவ்வளவு என்பதைச் சொல்லவில்லை.

அந்த 'எவ்வளவு' சாதாரண விஷயமும் இல்லை. அணுவின் அளவை நிர்ணயிப்பதே எலெக்ட்ரானின் நிறைதான். அது இரு மடங்காக இருந்தால் ஒவ்வொரு அணுவும் பாதியாகச் சுருங்கியிருக்கும். வேதியியலின் ஆற்றல் அளவுகளும் மாறியிருக்கும்.

கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து ஒரு கடிதம்

தியோடோர் கலூசா அப்போது ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் நிரந்தரச் சம்பளம் இல்லாத விரிவுரையாளர். 1919-இல் ஐன்ஸ்டைனுக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையை அனுப்பினார். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளை நான்கு பரிமாணங்களுக்குப் பதில் ஐந்தில் எழுதியிருந்தார்; மூன்று இடம், ஒரு காலம், கூடவே ஒரு புதிய திசை. எழுதிப் பார்த்தால் ஈர்ப்போடு கூடுதலாக இன்னொரு சமன்பாட்டுத் தொகுதி விழுந்தது. அது மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகள்! ஒளி என்பது ஐந்தாம் திசையில் ஏற்படும் ஈர்ப்பின் நெளிவு என்றானது.

ஐன்ஸ்டைன் அந்த ஏப்ரலிலேயே பாராட்டிப் பதில் எழுதினார். ஆனால் ஐயங்களும் கிளப்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்து, 1921 டிசம்பரில்தான் பிரஷ்ய அறிவியல் கழகத்தில் அவர் கையாலேயே சமர்ப்பிக்கப்பட்டது. கலூசாவைப் பற்றி அவர் மகன் பின்னாளில் சொன்ன கதை ஒன்று உண்டு: முப்பது வயதுக்கு மேல் புத்தகம் படித்தே நீச்சல் கற்றுக்கொண்டு, முதல் முறை தண்ணீரில் இறங்கியபோதே நீந்தினாராம். ஏட்டில் சரியாக இருந்தால் உலகத்திலும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய மனிதருக்குப் பொருத்தமான கதை.

ஐந்தாம் திசை இருந்தால் ஏன் தெரியவில்லை? கலூசா இதைத் தட்டிக்கழித்தார். எதுவும் அந்தத் திசையைச் சார்ந்து மாறாது என்று நிபந்தனை போட்டுக்கொண்டார். 1926-இல் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கர் கிளைன்தான் பதில் சொன்னார். அந்தத் திசை நீண்டு போகவில்லை. சுருண்டு வட்டமாகி இருக்கிறது. வட்டம் மிகச் சிறியது என்பதால் எந்தக் கருவிக்கும் எட்டுவதில்லை.

நிறையின் கதை இங்கேதான் தொடங்குகிறது. சிறப்புச் சார்பியலில் ஒரு துகளின் ஆற்றலுக்கு இரண்டு பங்களிப்புகள்: ஓடுவதால் வரும் உந்தம், ஓடாமலே இருக்கும் நிறை. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் ஆற்றலின் வர்க்கம். இப்போது நிறையே இல்லாத ஒரு துகளை ஐந்து பரிமாண உலகில் விடுங்கள். அதன் ஆற்றல் முழுவதும் உந்தம்தான். ஒரு பகுதி நமக்குத் தெரிந்த மூன்று திசைகளில், ஒரு பகுதி வட்டத்தைச் சுற்றி. வட்டத்தைப் பார்க்க முடியாத நாம் அந்தப் பகுதியை என்னவென்று கணக்கெழுதுவோம்? நிறை என்றுதான். சமன்பாட்டில் அது உட்காரும் இடமும் அச்சு அசல் நிறையின் இடமே. அப்படியானால் நம் முன் அசையாமல் நிற்கும் துகள் உண்மையில் நிற்கவில்லை. பக்கவாட்டில், ஒளியின் வேகத்தில், வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இயற்பியலில் இவ்வளவு சிக்கனமான எண்ணங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

குவாண்டம் விதி இதற்கு ஒரு ஒழுங்கையும் கொண்டுவருகிறது. துகள் என்பது அலையும்கூட. வட்டத்தைச் சுற்றிவரும் அலை, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்போது தன்னோடு பிசிறில்லாமல் பொருந்த வேண்டும். அதனால் வட்டத்துக்குள் முழு எண்ணிக்கையில்தான் அலைகள் அடங்கும்: பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை. பூச்சியத்துக்கு நிறை இல்லை, மற்றவை சம இடைவெளியில் ஏணிப்படி போல மேலே மேலே. வட்டம் சிறுக்கச் சிறுக்கப் படிகளின் உயரம் கூடும். கலூசா–கிளைன் கோபுரம் என்று இதற்குப் பெயர். செர்னில் தெரிந்த மேடு இந்தக் கோபுரத்தின் முதல் படியாக இருக்கலாம் என்றுதான் 2016-இல் ஆசைப்பட்டார்கள்.

எண் உதைத்த இடம்

கிளைனின் கணக்கில் மின்னூட்டமும் அதே படி எண்தான். ஒரு அலை அடங்கினால் ஓர் அலகு மின்னூட்டம், இரண்டு அடங்கினால் இரண்டு. மின்னூட்டம் ஏன் சில்லறை சில்லறையாக மட்டும் கிடைக்கிறது, ஏன் அரைகுறையாக இல்லை என்பதற்கு முதல் முறையாக ஒரு காரணம் கிடைத்தது. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தைப் போட்டு வட்டத்தின் சுற்றளவைக் கண்டுபிடித்தார். ஒரு சென்டிமீட்டரை, 1-க்குப் பின் 30 சுழியம் போட்ட எண்ணால் வகுத்தால் வருவதைவிடவும் சற்றுச் சிறியது.

அங்கேதான் உதைத்தது. அவ்வளவு சிறிய வட்டத்தின் முதல் படியில் நிற்கும் எலெக்ட்ரானின் நிறை, உண்மையான எலெக்ட்ரானைப் போல 1-க்குப் பின் 20 சுழியம் போட்ட மடங்குக்கும் மேலே போயிற்று. மறுபக்கமாகக் கணக்குப் போட்டு, எலெக்ட்ரானின் நிறை சரியாக வர எவ்வளவு பெரிய வட்டம் வேண்டும் என்று பார்த்தால், அணுவின் விட்டத்தில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு சுற்றளவு வேண்டும். அவ்வளவு பெரிய வட்டம் இருந்திருந்தால் என்றோ பிடிபட்டிருக்கும். மின்னூட்டத்தை விளக்கிய அதே வட்டம் நிறையைக் கெடுத்தது.

அடுத்த அடி இன்னும் சுவையானது. 1953-இல் வோல்ஃப்காங் பவுலி கூடுதல் பரிமாணம் ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்து, கோளப் பரப்பாகச் சுருட்டிப் பார்த்தார். பிற்காலத்தில் அணுக்கரு விசைகளை விவரிக்கப்போகும் சமன்பாடுகள் அவர் கையில் வந்து விழுந்தன. ஆனால் அந்த விசைகளைச் சுமக்கும் துகள்களுக்கு நிறை வரவில்லை. நிறையில்லாத துகள் சுமந்தால் அந்த விசை வெகுதூரம் எட்ட வேண்டும். அணுக்கரு விசையோ கருவைத் தாண்டுவதில்லை. பவுலி வெளியிடாமலே விட்டுவிட்டார். 1954 பிப்ரவரியில் பிரின்ஸ்டனில் இளைஞர் சி.என். யாங், தானும் ராபர்ட் மில்ஸும் வேறு வழியில் கண்டடைந்த அதே சமன்பாடுகளைக் கரும்பலகையில் எழுதியபோது, அவையில் இருந்த பவுலி, இந்தப் புலத்தின் நிறை என்ன என்று கேட்டார். யாங் மழுப்ப, பவுலி விடாமல் கேட்க, யாங் பேச்சை நிறுத்தி உட்கார்ந்தே விட்டார். ஓப்பன்ஹைமர் குறுக்கிட்டுத்தான் பேச்சு தொடர்ந்தது. பவுலிக்கு அந்தக் கேள்வி எங்கே வலிக்கும் என்று தெரிந்ததற்குக் காரணம், அது அவருக்கே வலித்திருந்தது.

ஒரு மில்லிமீட்டர் பெரிது

பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. 1998-இல் நீமா அர்கானி-ஹமீத், சாவாஸ் திமோபூலஸ், கியா துவாலி மூவரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: கூடுதல் திசைகள் ஏன் அத்தனை சிறியதாக இருக்க வேண்டும்? எலெக்ட்ரான், குவார்க், ஒளி எல்லாம் நம் மூன்று திசைகளோடு ஒட்டிக்கொண்டிருக்க, ஈர்ப்பு மட்டும் கூடுதல் திசைகளுக்குள் கசிந்தால்? அப்போது திசையின் அளவு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்கலாம். ஈர்ப்பு ஏன் மற்ற விசைகளைவிட இத்தனை நோஞ்சானாக இருக்கிறது என்பதற்கும் காரணம் கிடைக்கும். கூடுதல் திசை ஒன்றே ஒன்று என்றால் அது சூரியக் குடும்பத்தின் அளவுக்கு வேண்டியிருக்கும், அது நடக்காது. இரண்டு என்றால் மில்லிமீட்டர் போதும்.

திடுக்கிட வைத்த செய்தி வேறு. நியூட்டனின் ஈர்ப்பு விதி மில்லிமீட்டருக்குக் கீழே சரியாகச் சோதிக்கப்பட்டதே இல்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எயோட்-வாஷ் குழு இதைக் கையில் எடுத்தது. கருவியின் தத்துவம் 18-ஆம் நூற்றாண்டில் கேவண்டிஷ் பயன்படுத்தியதுதான்: ஒரு மெல்லிய டங்ஸ்டன் இழையில் தொங்கும் தட்டு. அதற்குக் கீழே இன்னொரு தட்டு மெதுவாகச் சுழலும். இரண்டிலும் வட்டமாக, சம இடைவெளியில், ஒரு வரிசையில் 120, இன்னொன்றில் 18 என வடிவங்கள். கீழ்த்தட்டு சுழலச் சுழல, அதன் வடிவங்கள் மேல்தட்டின் வடிவங்களை இழுத்துத் தளர்த்தி, இழையை ஒரு துளி முறுக்கும். ஒரு சுற்றுக்கு 120 முறை வரும் முறுக்கு வந்தால் அது ஈர்ப்பின் கையெழுத்து. வேறு எந்த அதிர்வும் அந்தத் தாளத்தில் வராது. தட்டுகளுக்கு நடுவே மின்விசை புகாமல் இருக்க ஓர் உலோகத்தாளை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். 2020-இல் இரண்டு தட்டுகளையும் 52 மைக்ரான் வரை நெருக்கினார்கள், அதாவது ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. நியூட்டன் அங்கேயும் பிசகவில்லை. கூடுதல் திசை இருந்தால் அதன் ஆரம் 30 மைக்ரானுக்குள் என்று எல்லை விழுந்தது.

வானமும் ஒரு சோதனை நடத்தியிருந்தது. 1987 பிப்ரவரியில் பக்கத்து விண்மீன் மண்டலத்தில் வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்த நியூட்ரினோக்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிலத்தடித் தொட்டிகளில் சில வினாடிகளுக்குள் பதிவாயின. அந்த நட்சத்திரத்தின் வெப்பம் கலூசா–கிளைன் கிராவிட்டான்களாகக் கூடுதல் திசைக்குள் ஒழுகியிருந்தால் நியூட்ரினோ வரத்து அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டு பெரிய திசைகள் என்ற கணக்குக்கு அது சியாட்டில் தட்டுகளைவிடக் கடுமையான அடி.

வளைந்த வெளியில் ஒரு முகவரி

இதுவரை சொன்னது கோபுரத்தின் மேல்படிகள் பற்றி. நமக்குத் தெரிந்த எலெக்ட்ரானும் குவார்க்குகளும் கோபுரத்தின் மேல்படிகளே அல்ல, எல்லாம் பூச்சியப் படியில் இருப்பவை என்றுதான் இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் அவற்றின் சிறு நிறைகள்?

1999-இல் லிசா ராண்டால், ராமன் சுந்தரம் இருவரும் ஐந்தாம் திசையைச் சுருட்டாமல் வளைத்தார்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு சிறு திசை. ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போகப் போக ஆற்றல் அளவுகோலே மடங்கு மடங்காகச் சுருங்கிவிடும். சிறிய தூரத்தில் 1-க்குப் பின் 15, 16 சுழியம் அளவுக்கு வித்தியாசம். ஹிக்ஸ் புலம் இந்தச் சுருங்கிய கோடியில் குடியிருக்கிறது. மற்ற துகள்களின் அலைகள் அந்தத் திசை நெடுகிலும் பரவலாம் என்று அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பலர் விரித்தெடுத்தார்கள்.

மார்கழி விடியலில் தெருக்கோடிக் கோயிலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி எப்படியோ அப்படித்தான் அங்கே ஹிக்ஸ். அடுத்த வீட்டுக்காரருக்குக் காது கிழியும், மறுகோடி வீட்டுக்குப் பாட்டா இரைச்சலா என்றே புரியாது. டாப் குவார்க்கின் அலை ஹிக்ஸ் பக்கம் குவிந்திருக்கிறது, அதனால் கனம். எலெக்ட்ரானின் அலை எதிர்ச்சுவரில் குவிந்து, ஹிக்ஸ் பக்கம் அதன் வால் மட்டும் எட்டுகிறது, அதனால் லேசு. இங்கே தேய்வு மடங்கு கணக்கில் நடப்பதால், இரண்டு துகள்களின் இருப்பிடத்தைத் தீர்மானிக்கும் எண்கள் அருகருகே இருந்தாலே போதும். நிறையில் லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம் தானே வந்துவிடும்.

ஒன்பது எண்ணைக் கொடுத்து வேறு ஒன்பது எண்ணை வாங்கியதுதானே என்று ஒரு குறும்புக்காரர் கேட்டால் பதில் சொல்லச் சிரமம்தான். ஆனால் பழைய எண்கள் பத்து லட்சத்தில் மூன்றிலிருந்து ஒன்று வரை சிதறிக் கிடந்தவை. புதியவை எல்லாம் ஒன்றையொட்டியே நிற்பவை. என் கணிப்பில் இது வெறும் கைமாற்று அல்ல. அதைவிட முக்கியம், இந்தக் கோட்பாடு மாட்டிக்கொள்ளவும் இடம் வைக்கிறது. துகள்கள் வெவ்வேறு இடத்தில் இருந்தால், கோபுரத்தின் மேல்படிகளில் இருக்கும் குளுவான்கள், அதாவது குவார்க்குகளைப் பிணைக்கும் விசையைச் சுமக்கும் துகள்கள், அவற்றை வெவ்வேறு விதமாக நடத்தும். அதன் விளைவாகக் கேயான் என்ற துகள் தன் எதிர்த்துகளாக மாறும் விகிதம் கெட்டுப்போகும். அளந்த விகிதமோ கெடவே இல்லை. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் முதல் படியைப் புரோட்டானைப் போல பத்தாயிரம் மடங்குக்கு மேல் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. செர்னின் நேரடித் தேடலோ நான்காயிரம் மடங்கு வரை வலை வீசிவிட்டது, ஒன்றும் சிக்கவில்லை.

இன்னொரு கிளை ஹிக்ஸையே பரிமாணத்துக்குள் அடக்கப் பார்க்கிறது. விசைப்புலத்துக்கு ஒவ்வொரு திசையிலும் ஒரு கூறு உண்டு. ஐந்தாம் திசையிலுள்ள கூறு நமக்குத் திசையற்ற புலமாகத் தெரியும், அதாவது ஹிக்ஸ் போலவே. 1979-இல் நிக்கோலஸ் மேன்டன், 1983-இல் யூத்தாகா ஹோசோத்தானி இதற்கு வழி போட்டார்கள். 2025-இல் ஸ்லோவாக்கியாவின் ரிச்சர்ட் பின்சாக் குழு ஏழு பரிமாண வெளியின் முறுக்கலிலிருந்தே டபிள்யூ, இசட் துகள்களுக்கு நிறை வரலாம் என்று நியூக்ளியர் பிசிக்ஸ் பி இதழில் எழுதியது. சோதனைக்கு எட்டும் எண் வரும் வரை அதைக் கணித அழகு என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

அளவு மாறினால் நிறையும் மாறும்

நிறைக்குக் காரணம் ஒரு திசையின் அளவு என்றால், அந்த அளவை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? பிரபஞ்சமே விரிந்துகொண்டிருக்க, இது மட்டும் ஏன் விரியாமல் இருக்கிறது? வளைந்த வெளிக்கு 1999-இல் வால்டர் கோல்ட்பெர்கர், மார்க் வைஸ் ஒரு புலத்தை நடுவில் வைத்து அளவைப் பூட்டும் முறையைச் சொன்னார்கள். பூட்டு தளர்ந்தால் நிறைகள் காலப்போக்கில் நகர வேண்டும்.

நகர்ந்தனவா என்று பார்க்க முடிந்திருக்கிறது. 700 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு தொலைதூர மண்டலத்தின் வாயு மேகத்தில் இருந்த மெத்தனால், பின்னாலிருந்து வந்த ரேடியோ அலைகளில் தன் தடத்தைப் பதித்திருந்தது. மெத்தனால் மூலக்கூறு தனக்குள் சுழன்று ஆடும் விதம், எலெக்ட்ரானோடு ஒப்பிட்டால் புரோட்டான் எத்தனை மடங்கு கனம் என்ற விகிதத்துக்கு மிகவும் வளைந்துகொடுப்பது. ஜெர்மனியின் எஃபெல்ஸ்பெர்கில் உள்ள 100 மீட்டர் தொலைநோக்கியில் அதைப் பதிவு செய்து 2013-இல் வெளியிட்டார்கள். அந்த 1,836 என்ற விகிதம் அன்றும் இன்றும் ஒரு கோடியில் ஒரு பங்குகூட மாறியதாகத் தெரியவில்லை.

நியூட்ரினோ விட்டு வைத்த இடம்

இத்தனை அடிக்குப் பிறகும் கதவு ஒன்று திறந்திருக்கிறது. நியூட்ரினோவின் நிறை எலெக்ட்ரானின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஹிக்ஸ் வழி நிறை பெற அதற்கு ஒரு வலக்கைத் துணை வேண்டும். அந்தத் துணைக்கு மின்னூட்டம் இல்லை, அணுக்கரு விசையோடு உறவில்லை. நம் மூன்று திசைகளோடு ஒட்டிக்கிடக்க அதற்குக் கட்டாயமும் இல்லை. கிராவிட்டானைப் போல அது கூடுதல் திசையில் நீர்த்துப் பரவினால், ஹிக்ஸோடு அது சந்திப்பதே அபூர்வமாகி, நிறை தானே சுருங்கும். 1998-இலேயே இதைச் சொன்னார்கள்.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். சியாட்டில் விதித்த 30 மைக்ரான் ஆரமுள்ள வட்டத்தில் முதல் படியின் நிறை எவ்வளவு? ஒரு எலெக்ட்ரான்வோல்ட்டில் சுமார் ஆயிரத்தில் ஏழு பங்கு. நியூட்ரினோக்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுவதை வைத்து ஊகிக்கப்படும் நிறைகளில் ஒன்று ஆயிரத்தில் ஒன்பது பங்கை ஒட்டியது, இன்னொன்று ஐம்பது பங்கை. தற்செயலாகவும் இருக்கலாம், செர்னில் தெரிந்து மறைந்த மேட்டைப் பார்த்த பிறகு இந்த ஜாக்கிரதை வேண்டும்.

2022-இல் மிகேல் மான்டேரோ, கும்ரன் வாஃபா, ஐரீன் வலென்சுவேலா மூவரும், பிரபஞ்சத்தை வேகமாக விரிக்கும் இருள் ஆற்றலின் சிறுமையிலிருந்து தொடங்கி, வேறு பாதையில் இதே பேட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். கூடுதல் திசைகளில் ஒன்றே ஒன்று மட்டும் பெரியதாக, ஒரு மைக்ரானிலிருந்து பத்து மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அந்தத் திசையின் கலூசா–கிளைன் கிராவிட்டான்களே இருள்பொருளாக இருக்கலாம் என்பது அதன் தொடர்ச்சி. முப்பது மைக்ரானிலிருந்து பத்துக்கு இறங்க, இரண்டு தட்டுகளையும் இன்னும் நெருக்க வேண்டும். நெருங்க நெருங்க இழுக்கும் பொருளின் கனம் குறைந்து ஈர்ப்பு மெலியும். தட்டுப் பரப்பில் தங்கிய மின்னூட்டத் திட்டுகளும் ஒரே ஒரு தூசியும் அதை எளிதாக மூழ்கடித்துவிடும். சியாட்டில் குழுவுக்கு இப்போது போட்டி நியூட்டனோடு இல்லை, அந்தத் தூசியோடுதான்.